மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே

ஏசுபாதத்தின் வாயிலிருந்து ‘இஞ்சி’ என்ற சொல் காணாமல் போய் அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது. வேறு யாருக்காவது இஞ்சி தொலைந்திருந்தால் போகட்டும், சுக்கு இருக்கிறது என்று விட்டுவிடலாம். இவர் அணுமின் நிலையத்துக் கேன்டீனில் முப்பத்தோரு வருஷம் மாஸ்டராக இருந்தவர். அங்கே அவர் நசுக்கிய இஞ்சியை வரிசையாக வைத்தால் டெல்லி வரைக்கும் போய்த் திரும்பி வந்து, மிச்சத்தில் ஊருக்கே டீ போடலாம். அவருடைய சாம்பார் அண்டாவில் ஒருமுறை கரண்டி விழுந்துவிட்டதாம்; அதை எடுக்கப் பட்டிபுலம் மீனவர்கள் வலையோடு வந்தார்களாம். அவரே சொன்னது. யாரும் நம்பியதில்லை. ஆனால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்காதவர்களும் இல்லை.

அப்படிப்பட்டவர் பூஞ்சேரிக் கடையில் நின்றுகொண்டு, “அதாம்பா... வேரு. முண்டும் முடிச்சுமா கெழவன் வெரலாட்டம் கீதே. வாயில வச்சா எரியும்...” என்று காற்றில் படம் வரைந்தார். கடைக்காரர் யோசித்துவிட்டு வசம்பை எடுத்துப் பொட்டலம் கட்டினார். வசம்பு, பேச்சு வராத குழந்தைக்கு நாக்கில் தடவுவது. தெரியாமல் கொடுத்தாரா, தெரிந்துதான் கொடுத்தாரா என்று ஏசுபாதம் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார்.

பார்க்கின்சன் என்று டாக்டர்கள் பெயர் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. முதலில் வலது கை ஆடியது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டு மூடிவிட்டார். பிறகு நடை சுருங்கியது. அதையும், “ரிடையர் ஆனவனுக்கு இன்னா அவசரம்?” என்று சமாளித்தார். இப்போது சொற்கள் ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பித்திருந்தன. அதை எந்தப் பைக்குள் போட்டு மூடுவது?

அதுவும் இந்த நேரத்தில். சின்ன மகள் ஜெனிஃபருக்கு நிச்சயம் நாற்பது நாளில். மாப்பிள்ளை மதுராந்தகத்து ஹரிகிருஷ்ணன். சொந்தம் ஒன்றுதான், கும்பிடுகிற இடம்தான் வேறு. பாஸ்டர் நடத்துவதா, பூசாரி நடத்துவதா என்று இரண்டு வீடும் ஒரு மாதம் பேசி, நாலு கிலோ காபித்தூளைத் தீர்த்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தன. இருவரும் வேண்டாம். பெற்ற தகப்பன்மார் இரண்டு பேரும் சபையில் எழுந்து நின்று, இன்னார் மகனுக்கு இன்னார் மகள் என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டியது. அதுதான் நிச்சயம்.

அந்த யோசனையைக் கொடுத்ததே ஏசுபாதம்தான். அன்றைக்கு அவருக்கு வாய் நன்றாக இருந்தது.

“மாமா, நீ கம்முனு ஒக்காரு. அன்னிக்கு நான் எந்திரிச்சி சொல்லிடறேன்,” என்றான் அவர் மனைவி சந்திரம்மாவின் தம்பி ஸ்டான்லி. “தாய்மாமன் சொன்னா இன்னா கொறஞ்சிடப் போவுது?”

“பொண்ணு... என்னுது,” என்றார் ஏசுபாதம். மற்றதெல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது.

“சம்மந்தி வூட்ல ஒன்னும் தெரியாதுய்யா,” என்றாள் சந்திரம்மா. “நீ பாதில நின்னுட்டா, இந்த ஆளுக்கு இன்னா நோவு, பரம்பரையா வர்றதான்னு கேப்பாங்க. அப்புறம் பொண்ணு கதி?”

அதற்குமேல் அந்த வீடு பேச்சை விட்டுவிட்டுச் சமையலில் இறங்கியது.

சந்திரம்மா ஞாபகத்துக்கு வல்லாரை என்றாள். வல்லாரைத் துவையல், வல்லாரை தோசை, வல்லாரை ரசம். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பில்கூட இரண்டு இலை மிதந்து வந்து அவரை விசாரித்தது. ஸ்டான்லி ஜிம்முக்குப் போகிறவன். அவன் ஒரு புரோட்டீன் பவுடர் டின் வாங்கி வந்தான். அந்த டின்னில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம். பக்கத்து வீட்டு முனியம்மா பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்து, “எங்க பெரிய மாமனாரு இத்த துன்னுதான் தொண்ணூறு வயசுல பதினாறாம் வாய்ப்பாடு சொல்றாரு,” என்றாள். பதினாறாம் வாய்ப்பாடு அவர் இருபது வயதில் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. இவற்றோடு இரண்டு முட்டை, ஊறவைத்த பாதாம், ஒரு கிண்ணம் சுண்டல், ரத்தத்துக்கு இரும்புச்சத்து டானிக்.

எல்லாம் காலை எட்டு மணிக்கு, மாத்திரையோடு சேர்த்து. ஏனென்றால் சந்திரம்மாவின் சட்டத்தில், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும். மாத்திரையே புரோட்டீன் பாலில்தான் உள்ளே போனது.

இரண்டு வாரத்தில் ஏசுபாதத்துக்கு இரண்டு கிலோ ஏறியது. சொல் ஒன்றுகூட ஏறவில்லை. பத்து மணிக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. இஞ்சியைத் தேடிப் பூண்டும் போய்விட்டது. சில மத்தியானங்களில் உடம்பு தானாகவே கோயில் திருவிழாச் சாமியாடி மாதிரி முறுக்கிக்கொண்டு ஆடியது. சந்திரம்மா பயந்துபோய் இன்னொரு முட்டை சேர்த்தாள்.

திருப்பம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று சர்ச்சில் உபவாச ஜெபம். வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஏசுபாதம் மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார். பதினோரு மணிவாக்கில், பக்கத்தில் இருந்தவரிடம் அந்தச் சாம்பார் அண்டாக் கதையை ஆரம்பித்தார். நிற்காமல் சொன்னார். இந்த முறை வலையோடு ஒரு கட்டுமரமும் அண்டாவுக்குள் இறங்கியது. ‘கட்டுமரம்’ என்ற சொல் கூப்பிடாமலே வந்து நின்றது.

“ஜெபம் கேட்டுட்டாரு ஆண்டவரு!” என்று சந்திரம்மா அழுதாள்.

ஏசுபாதம் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். ஆனால் அவர் கேன்டீன்காரர். சனிக்கிழமை முட்டை வந்தது, பவுடர் வந்தது, வாய் மறுபடி பூட்டிக்கொண்டது. அவருக்குள் பழைய புத்தி விழித்தது. கேன்டீனில் ஒரு வழக்கம் உண்டு. அன்றன்று சமைத்த ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் எடுத்து, நேரம் எழுதி, மறுநாள் வரை பத்திரமாக வைப்பார்கள். எவனுக்காவது வயிறு கலக்கினால், அவனைத் திட்டுவதில்லை, சமைத்தவனையும் திட்டுவதில்லை. உள்ளே எது போனது, எத்தனை மணிக்குப் போனது? அதை மட்டும் பார்ப்பார்கள்.

செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் மீராவின் மேஜையில் ஏசுபாதம் அடுத்த வாரம் ஏழு டப்பாக்களை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, நடுங்கின கையெழுத்தில் நேரம். வரிசையில் நின்றவர்கள், கிழவர் டாக்டரம்மாவுக்கு விருந்து கொண்டுவந்திருக்கிறார் என்றே நினைத்தார்கள்.

டாக்டர் ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். வல்லாரையில் சிரித்தார். முட்டையில் நின்றார். பூனைக்காலியில் சிரிப்பு போய்விட்டது.

“இதை யார் குடுத்தது?”

“அ... அன்பு,” என்றார் ஏசுபாதம். முனியம்மாவின் பெயர் வராததால் வந்த சொல் அது. டாக்டர் அதையே ஏற்றுக்கொண்டார்.

“சரி, கேளுங்க. உங்க மாத்திரையில என்ன மருந்து இருக்கோ, அதே சரக்கு இந்த விதையிலயும் இருக்கு. எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவர். அதான் மத்தியானம் உடம்பு முறுக்கி ஆடுது. இதை விட்டுடுங்க. அப்புறம் இந்த முட்டை, பவுடர், சுண்டல்... எல்லாமே நல்ல சாப்பாடு. ஆனா புரோட்டீனும் மாத்திரையும் குடல்ல ஒரே வாசப்படியில நுழையுது. ரெண்டும் ஒண்ணா போனா, தள்ளுமுள்ளுல மாத்திரை வெளியவே நிக்கும். டானிக்ல இருக்கிற இரும்பும் அப்படித்தான், மாத்திரையைப் புடிச்சு வச்சுக்கும்.”

சந்திரம்மாவின் முகம் தொங்கிப்போனது. “நாந்தாம்மா குடுத்தேன். தெம்பு வரட்டும்னு...”

“தெம்பு வேணும்மா, நிறுத்தக் கூடாது. நேரத்தை மாத்துங்க. சாப்பாட்டுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்னாடி மாத்திரை, வெறும் தண்ணியில. கறி, முட்டை, பருப்பு எல்லாம் ராத்திரிக்குத் தள்ளிடுங்க. டானிக் தனியா, ரெண்டு மணி நேரம் தள்ளி.” ரத்தம் எடுத்துப் பார்த்து, வைட்டமின் பி-பன்னிரண்டு குறைவாக இருக்கிறது என்று ஊசி எழுதினார்.

“பேச்சு வந்துருமாம்மா?” என்று சந்திரம்மா கேட்டாள். ஏசுபாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினார். “தொலைஞ்ச வார்த்தையைத் திருப்பிக் கொண்டுவர டப்பா எதுவும் இல்ல. இருந்தா நானே முதல்ல வாங்கி வச்சுப்பேன். மாத்திரை ஒழுங்கா வேலை செஞ்சா அவருக்குத் தேட சக்தி இருக்கும். அவர் தேடும்போது நீங்க எடுத்துக் குடுக்காம இருங்க. அதான் மருந்து. கசப்பு உங்களுக்கு.”

அந்தக் கசப்பைச் சந்திரம்மா விழுங்கினாள் பாருங்கள், உலகத்தில் எந்தப் பெண்ணும் அப்படி விழுங்கியிருக்க மாட்டாள். முப்பத்தெட்டு வருஷமாக அவர் வாயைத் திறப்பதற்குள் வாக்கியத்தை முடித்துவைத்தவள், இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவர் “அந்த... அந்த...” என்பார். சோறு ஆறும். பூனை வந்து போகும். பிறகு “உப்பு” என்பார். அவள் ஓடிப்போய் எடுத்து வருவாள், அவர் கடலுக்கே போய் அள்ளி வந்ததுபோல.

எல்லாச் சொல்லும் திரும்பவில்லை. காலை மாத்திரை ஏழு மணிக்கு, அடுத்தது பன்னிரண்டுக்கு. எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும் அவர் ஏறக்குறைய பழைய ஏசுபாதம். அதனால் நிச்சயத்தைப் பத்தரைக்கு வைத்தார்கள்.

மாமல்லபுரத்து மண்டபத்தில் எல்லாம் தயாராக இருந்தது. பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. திருக்கழுக்குன்றத்தில் பஞ்சர் என்று போன் வந்தது. பதினொன்றேமுக்காலுக்கு அவர்கள் வந்து இறங்கியபோது, ஏசுபாதத்தின் கால் மெதுவாகத் தரையைப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. வரவேற்கக் கும்பிட்டார். சம்மந்தியின் பெயர் அவருக்கு வரவில்லை.

ஸ்டான்லி ரோஸ் மில்க் டம்ளரோடு ஓடிவந்தான். “மாமா, மாத்திர டைமாச்சி, இத்த குடிச்சிகினு...”

சந்திரம்மா டம்ளரைப் பறித்துத் தானே குடித்துவிட்டாள். அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். சரியாகப் பன்னிரண்டு.

“இது வேல செய்ய அரை மணிக்கு மேல ஆவும்கா,” என்று ஸ்டான்லி காதைக் கடித்தான். “ஜனம் பசியில கீது. நான் சொல்லிடறேன்.”

“மொதல்ல பந்தி போட்டுடலாமா?” என்றாள் ஜெனிஃபர்.

“துன்னுட்டு எவன் நிப்பான்?” என்றார் ஏசுபாதம். இது மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. முப்பத்தோரு வருஷத்து அனுபவம். இலையை மடித்தவன் அடுத்த நிமிஷம் பஸ் ஸ்டாண்டில் இருப்பான்.

ஆனால் அதே முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள், ஒரு நிமிஷம்கூட அவர் பந்தியைத் தாமதித்ததில்லை. புயல் அன்றைக்கும் பன்னிரண்டரைக்கு மணி அடித்தவர். இருநூறு பேரைப் பசியோடு உட்காரவைப்பதா? ஸ்டான்லியைப் பேசவிட்டுவிடலாமா? அவர் மனைவியைப் பார்த்தார். கேட்க நினைத்ததற்குச் சொல் வரவில்லை. அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை. சபைக்கு நடுவே போய் நின்றாள்.

“யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. பிரியாணிக்கு இப்பதான் தம் போட்டுகீது. அரை மணி ஆவும்!”

பொய். பிரியாணி பதினோரு மணிக்கே வெந்து, அதன் வாசனை கடற்கரைக் கோயில் வரைக்கும் போய் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டி வந்துகொண்டிருந்தது. பாஸ்டர் விருந்தாளியாக முதல் வரிசையில் இருந்தார். அவர் எதிரிலேயே சந்திரம்மா பொய் சொன்னாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஏசுபாதம் எழுந்தார். வலது கை பைக்குள் இருந்தது.

“மதுராந்தகம் சதாசிவம் மகன் ஹரிகிருஷ்ணனுக்கு,” என்றார். குரல் சன்னமாக இருந்தது, ஆனால் நடந்தது. “பூஞ்சேரி ஏசுபாதம், சந்திரம்மா... மக...”

நின்றுவிட்டது.

கேன்டீன் ஸ்டோரில் கரண்ட் போன நேரம் மாதிரி இருந்தது அவருக்கு. அரிசி எந்த அலமாரி என்று தெரியும், கைக்குத்தான் எட்டவில்லை. மண்டபம் அடங்கியது. மின்விசிறி அடங்கியது. கடலே ஓர் அலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. ஸ்டான்லி வாயைத் திறந்தான். சந்திரம்மா அவன் காலை மிதித்தாள். ஜெனிஃபர் தன் பெயரைத் தானே சொல்லிவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவசரமே இல்லாத பார்வை. அவரும் அவளையே பார்த்தார்.

“ஜெனிஃபர்,” என்றார். “ஜெனிஃபரைக் குடுக்கறேன்னு சொன்னா அவளுக்குப் புடிக்காது. பாத்திரமா நானுன்னு கேப்பா. ரெண்டு பேருக்கும் கட்டி வைக்கிறோம். இத்த நானே என் வாயால சொல்றேன்.”

உட்காரவேண்டியதுதானே? உட்காரவில்லை.

“இன்னொன்னு. பிரியாணி எப்பவோ ரெடி. மாத்திர வேல செய்யட்டும்னுதான் என் பொஞ்சாதி உங்கள ஒக்கார வச்சா. எனக்குப் பார்க்கின்சன். மூணு வருஷமா. உங்ககிட்ட மறச்சிட்டோம்.”

சந்திரம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

சதாசிவம் மெதுவாக எழுந்தார். “சம்மந்தி, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே காபி டம்ளரு உங்க கையில தாளம் போட்டுச்சே. எங்களுக்குக் கண்ணு இல்லியா? நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம்.” தொண்டையைச் செருமினார். “எங்களுக்கும் பஞ்சர் கிஞ்சர் இல்ல. திருக்கழுக்குன்றத்துல ஒருத்தன் வட சூடா போட்டுகினு இருந்தான்.”

மண்டபம் கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி சிரித்தது. பாஸ்டர்தான் அதிகம் சிரித்தார்.

“இப்ப நீங்க சொல்லுங்க,” என்றார் ஏசுபாதம்.

சதாசிவம் நிமிர்ந்தார். “பூஞ்சேரி ஏசுபாதம் மக ஜெனிஃபருக்கு, மதுராந்தகம்... மதுராந்தகம்...” நோய் நொடி ஒன்றுமில்லாத அந்த மனிதருக்கு, மகனைப் பார்த்ததும் கண் நிறைந்து, வாய் நின்றுவிட்டது. பின்வரிசையில் யாரோ “ஹரி...” என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஏசுபாதம் பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, சபையைப் பார்த்து உயர்த்தினார்.

“இருங்கப்பா. அவரே சொல்லட்டும்.”

கை ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதை இறக்கவில்லை.