முன் இடது டயர்

பத்தொன்பது வருஷத்தில் நான் தப்பாக எழுதிய எண் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று என் தங்கச்சியின் உயிரில் கைவைக்கப் பார்த்தது.

பத்து மணி நேரக் கார் ரேஸ் அது. காலை எட்டுக்குத் தொடங்கி மாலை ஆறுக்கு முடியும். எங்களுக்கு ஒரே கார், மாறி மாறி ஓட்ட இரண்டு பேர். ஒருவனைப் புயல் என்று கூப்பிடுவோம். பேருக்கேற்ற பிள்ளை, போன இடமெல்லாம் நாசம். இன்னொருத்தி என் தங்கச்சி. நான் டயர்க்காரி. மாட்டுவது, கழற்றுவது, சூடு பார்ப்பது, தேய்மானம் அளப்பது எல்லாம் என் தலையில். வண்டியை ஓட்டுவது எஞ்சின் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அவ்வளவு வேகத்தில் காருக்கும் தரைக்கும் நடுவே இருப்பது நாலு உள்ளங்கை அளவு ரப்பர். அதுவும் கேட்ட போதெல்லாம் கிடைக்காது. ஒரு காருக்கு ஆறு செட் டயர், அதற்கு மேல் காலில் விழுந்தாலும் கிடையாது.

அன்றைக்கு ஒரு செட் காலையிலேயே பாதையில் கிடந்த தகரத்தைக் குத்திக்கொண்டு வீணாய்ப் போனது. இரண்டாவது செட்டைப் புயல் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, “வண்டி ஆடுது, மாத்துங்க” என்று அடம் பிடித்தான். மாற்றினோம். அதைத்தான் நான் அளந்தேன்.

எங்கள் டயரில் பள்ளமும் கோடும் இருக்காது, வழவழவென்று இருக்கும். அங்கங்கே ஊசி நுழையும் அளவுக்குச் சின்னத் துளைகள் மட்டும் உண்டு. துளைக்குள் அளவுகோலின் முள்ளை விட்டால் இன்னும் எவ்வளவு ரப்பர் மிச்சம் என்று தெரியும். ஆனால் சூடான டயர் பாதையில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர் துணுக்கையெல்லாம் வாரி மேலே அப்பிக்கொண்டு வரும். அதை நாங்கள் ஒட்டு என்போம். சூட்டுக் காற்றடித்து, ஒட்டைக் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் அளக்கவேண்டும். இல்லாவிட்டால் தேய்ந்த டயரும் கொழுகொழுவென்று பொய் சொல்லும். இது எனக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த நேரம் எங்கள் டீம் முதலாளி என் தலைமேல் நின்றுகொண்டு, “எவ்வளவு, எவ்வளவு, சீக்கிரம் சொல்லு” என்று காது கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நான் சுரண்டவில்லை. முள்ளை விட்டேன், இரண்டு புள்ளி எட்டு மில்லிமீட்டர், அதாவது இன்னும் ஒரு மணி நேரம் தாராளமாக ஓடும் அளவு என்று சாக்பீஸால் டயரின் பக்கவாட்டில் எழுதினேன். எங்கள் இஞ்சினியர் அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். கம்ப்யூட்டரில் ஏறியது அப்புறம் சத்தியவாக்கு ஆகிவிடும்.

மாலை நாலே முக்கால். நாங்கள் நான்காவது இடம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த வருஷம் இருபத்து நாலு மணி நேரப் பெரிய ரேஸில் ஓட விடுவார்கள். தங்கச்சி அதற்காகப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறாள். ஐந்து மணிக்குக் கடைசி முறையாகக் கார் உள்ளே வரவேண்டும். பெட்ரோல் போடவேண்டும், இரண்டு மணி நேரமாக ஓடும் டயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டாவது செட்டை மாட்டவேண்டும். மற்ற செட்டெல்லாம் தேய்ந்து நூல் தெரிய மூலையில் கிடந்தன. இதுதான் திட்டம்.

மாட்டுவதற்கு எடுத்து வைக்கப் போனேன். முன் இடது டயரில் கை வைத்தேன். பால் ஆடை மாதிரி ஒரு பட்டை கட்டைவிரலோடு வந்தது.

சூட்டுக் காற்றடித்தேன், சுரண்டினேன், முள்ளை விட்டேன். பூச்சியம் புள்ளி ஒன்பது. புயல் பிரேக்கைப் போட்டு இழுத்து ஒரு பக்கமாகத் தேய்த்து வைத்திருக்கிறான், பாவி. வண்டி ஆடாமல் என்ன செய்யும்? நேர்ப்பாதை முடிகிற இடத்தில் ஒரு வலது வளைவு. அங்கே காரின் மொத்தக் கனமும் முன் இடது டயரில்தான் இறங்கும். அது வெடித்தால் எதிரே சுவர்தான்.

“சார், இந்த செட் ஆகாது. நான் அளந்தது தப்பு.”

முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீயாவது தப்பா அளக்கிறதாவது.”

“சுரண்டாம அளந்துட்டேன். இப்ப சுரண்டிப் பார்த்தேன், ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல.”

இஞ்சினியர் திரையைக் காட்டினான். “அக்கா, இதுல இரண்டு புள்ளி எட்டு இருக்கு. இப்ப கார்ல இருக்கிற டயர் மூணாவது மணி நேரம் தாங்காது. கடைசிப் பன்னிரண்டு சுத்து இழுக்காதுன்னு கணக்கு சொல்லுது.”

“தம்பி, அந்தக் கணக்குல இருக்கிறது என் எண்ணுதானே? நான்தானே தப்புங்கிறேன்?”

முதலாளி இப்போது திரும்பினார். “உன் தங்கச்சி ஓட்டுறாங்கிறதால கை நடுங்குதா? காலையில இருந்து நல்லா இருந்த டயர் இப்ப திடீர்னு கெட்டுப்போச்சா? மாட்டு.”

சுருக்கென்றது. கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “எந்தத் தாய் பெத்த பிள்ளை ஓட்டினாலும் இத மாட்டமாட்டேன்.”

“நீ மாட்டலைன்னா வேற ஆள் மாட்டுவான்.”

மாட்டுவான்தான். பக்கத்தில் இரண்டு பேர் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? கையில் சுரண்டுகிற கத்தி இருந்தது. முன் இடது டயரின் நடுவில் குத்தி, இரண்டு கையாலும் அழுத்தி ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தேன். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது.

“இப்ப மாட்டச் சொல்லுங்க” என்றேன்.

முதலாளியின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. “ரேஸ் முடிஞ்சதும் நீ இந்த இடத்துல இருக்கக்கூடாது.”

“இருக்கல. முதல்ல ரேஸ் முடியட்டும்.”

இஞ்சினியரின் தலையிலிருந்த ஹெட்செட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன். தங்கச்சி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“அடியே, நான்தான். நான் அளந்த டயர் தப்பாப் போச்சு. போட வேற இல்ல. இப்ப இருக்கிறதோடவே இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டணும். முடியுமா?”

எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் வந்தது.

“நீ தப்பா அளந்தியா?”

“ஆமா.”

“வீட்ல சொன்னா யாரும் நம்பமாட்டாங்க.”

“பதில் சொல்லுடி!”

“முன் இடது லேசா வழுக்குது. வலது வளைவுல முன்னாடியே காலை எடுத்துட்டா போதும், தாங்கும். பெட்ரோல் மட்டும் போடச் சொல்லு. அப்புறம், அக்கா...”

“என்ன?”

“அழாத. மைக்ல மூக்கு உறிஞ்சற சத்தம் கேக்குது.”

ஐந்து மணிக்குக் கார் வந்தது. பெட்ரோல் மட்டும் போட்டோம். டயர் மாற்றாததால் இருபது விநாடி மிச்சம். மூன்றாவதாக ஓடிய மஞ்சள் கார் புது டயர் மாட்டிக்கொண்டு நிற்கும்போதே எங்கள் கார் அதைத் தாண்டி வெளியேறியது. இப்போது நாங்கள் மூன்றாவது. பின்னால் புது டயரோடு மஞ்சள் கார்.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்வது? சுற்றுக்கு ஒரு விநாடி வீதம் அவன் நெருங்கினான். பதினெட்டு, பதினேழு, பதினாறு. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வலது வளைவு வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிடிவாதம் பிடித்தவளும் நான்தான், கத்தியால் கிழித்தவளும் நான்தான், பார்க்கத்தான் தைரியம் இல்லை. இஞ்சினியர் எண்ணை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். முதலாளி என் பக்கமே வரவில்லை.

மூன்று விநாடிக்குள் வந்ததும் மஞ்சள் கார் அதற்குமேல் நெருங்கவில்லை. அடுத்த சுற்றிலும் மூன்று. அதற்கடுத்த சுற்றில் நாலு. அவசரக்காரன்! புது டயர் கிடைத்த சந்தோஷத்தில் முதல் சுற்றிலிருந்தே முறுக்கி, பொறுமையாகச் சூடேற்றவேண்டிய ரப்பரை வறுத்தெடுத்துவிட்டான். வளைவில் அவன் கார் வெளிப்பக்கமாக வழுக்கிப் போவதைத் திரையில் பார்த்தேன். தங்கச்சியோ கடைசி வரைக்கும் ஒரே தாளத்தில் ஓட்டினாள். மூன்று மணி நேரம் ஓடிய டயரைத் தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி கொண்டுவந்து சேர்த்தாள். நான்கு விநாடி வித்தியாசம். மூன்றாவது இடம்.

எல்லோரும் வேலியை நோக்கி ஓடினார்கள். நான் ஓடவில்லை. கிழித்த டயரின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. “அறுபது நிமிஷமும் உன்னைத் திட்டிக்கிட்டேதான் ஓட்டினேன்” என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்தார். குனிந்து, நான் கிழித்த இடத்தை விரலால் விரித்துப் பார்த்தார். வெட்டில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நகத்தின் கனத்துக்கு ரப்பர், அதற்கடியில் வெள்ளை நூல்.

“நாளைக்கு வழக்கம்போல வந்துடு” என்றார்.

“பார்க்கலாம்” என்றேன்.

அந்த நேரம் பார்த்து இஞ்சினியர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அக்கா, அந்த இரண்டு புள்ளி எட்ட அழிச்சிடட்டுமா?”

“அழிக்காத. அது என் தப்பு, அப்படியே இருக்கட்டும். பக்கத்துலயே, நான் அளக்கும்போது தலைமேல நின்னு கத்தினது யாருன்னும் எழுது.”

அவன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். தங்கச்சி என் தோளிலிருந்து நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

“எழுதுப்பா” என்றார் முதலாளி.