எலும்பு சொல்லும் என்றார்கள்

டாக்டர் நீட்டிய சம்மதக் காகிதத்தை லீலாவதி கை நீட்டி வாங்குவதற்குள் அழகர்சாமி வாங்கிவிட்டார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அணுசக்தி இலாகாவின் டில்லி ஆபீஸில் இருபத்தாறு வருஷ சர்க்கார் உத்தியோகம். காகிதத்தை எப்படிக் காணாமல் அடிப்பது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஃபேமிலி நாட் வில்லிங், டாக்டர்” என்றார்.

ஃபேமிலி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அவளுடைய புருஷன் லட்சுமணன் உள்ளே, வார்டின் கடைசிக் கட்டிலில் வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தான். காலை எட்டேகாலுக்கு உயிர் போயிருந்தது. முப்பத்தெட்டு வயது, ரத்தப் புற்று. அழகர்சாமி அவனுக்கு அண்ணன். தம்பிக்கு வடக்கே ஒரு அணுமின் நிலையத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். தம்பியை டில்லிக்கு வரவழைத்து, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் தரையில் படுத்தவரும் அவர்தான்.

டாக்டர் சக்ஸேனா சின்ன வயதுப் பெண். லீலாவதியின் பக்கம் திரும்பி ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள். விரல் நீளத்துக்கு ஒரு எலும்பு போதும். கதிர்வீச்சுள்ள பொருள் ஏதாவது உடம்புக்குள் போயிருந்தால் அது எலும்பில்தான் போய் உட்காரும். எலும்பு சொல்லும். பிளாண்ட் ரிக்கார்டில் ஒன்றுமே இல்லையே, அதை வைத்துக்கொண்டு நான் யாருக்கு எழுதுவது?

ரிக்கார்டில் ஏன் ஒன்றும் இல்லை என்பது லீலாவதிக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் பிளாண்டில் ஒரு குழாய் விட்டுப்போய் உள்ளறை முழுக்கத் தண்ணீர் நின்றது. ஃபோர்மன் லட்சுமணனும் ஆறு ஆட்களும் வாளியும் சாக்குமாக இறங்கித் துடைத்தார்கள். அங்கே ஒவ்வொருத்தர் நெஞ்சிலும் ஒரு பேட்ஜ் குத்தியிருக்கும். அதற்குள் ஒரு துண்டு ஃபிலிம். உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியதோ அவ்வளவுக்கு அது கறுக்கும். ரொம்பக் கறுத்தால் ஆறு மாதம் உள்ளே விடமாட்டார்கள். நிரந்தர ஆளுக்கு வெளியே உட்கார்ந்து வேலை கொடுப்பார்கள், தற்காலிக ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆறு பேரும் தற்காலிகம். அதில் ஒருத்தன் லீலாவதியின் தம்பி பாலசுப்ரமணியம். அதனால் லட்சுமணன் ஏழு பேட்ஜையும் கழற்றச் சொல்லி, தன் டிபன் கேரியரில் போட்டு மூடிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போனான். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தான். ஃபிலிம் வெள்ளையாகவே இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ரிக்கார்டும் எழுதிக்கொண்டது.

அந்த ஆறு பேரும் இன்றைக்கும் அதே அறைக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் பாலு கடிதம் போட்டிருந்தான். பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வருகிறதாம். பிளாண்ட் டிஸ்பென்ஸரியில் வைட்டமின் மாத்திரை கொடுத்தார்களாம்.

“அத்தான், அந்தக் காயிதத்தக் குடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

“செத்தவன அறுக்கணுமா தாயி? முழுசாப் போகட்டும்.”

“போனவுகளுக்கு இனி என்ன வலிக்கப் போகுது? பாலு இருக்கான்ல. மத்த அஞ்சு பேரும் பிள்ளகுட்டிக்காரங்க. எழுத்துல ஒண்ணு இருந்தாத்தான் அவங்கள உள்ள அனுப்புறத நிப்பாட்டுவாங்க.”

அழகர்சாமி வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டிக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

“திங்கக்கெழம பார்லிமென்ட்ல கேள்வி வருது. ரஷ்யாவுல அந்த உலை வெடிச்சதுலருந்து எம்.பி.க்கள் சும்மா இருக்க மாட்டேங்குறாங்க. நம்ம பிளாண்ட்ல எந்தத் தொழிலாளிக்காச்சும் பாதிப்பு உண்டான்னு கேட்டிருக்காங்க. பதில் டைப் அடிச்சாச்சு. நான்தான் அடிச்சேன்.”

“என்னன்னு?”

“இல்லைன்னு.”

“இவுக இங்க படுத்துருக்கையிலயா?”

“எனக்கு மேல எட்டுப் பேரு கையெழுத்துப் போட்ருக்கான் தாயி” என்றார். சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். லீலாவதிக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

மத்தியானம் யமுனைக்கரையில் எரித்தார்கள். பெண்கள் போகவில்லை. மறுநாள் காலையில் அழகர்சாமி போய் எலும்பு பொறுக்கி, புதுப் பானையில் போட்டு, சிவப்புத் துணியால் வாய் கட்டிக் கொண்டுவந்தார். வீட்டுக்குள் வரக்கூடாது என்று குவார்ட்டர்ஸின் பின்னால் இருந்த வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஹரித்வார் போய்க் கரைப்பதாக ஏற்பாடு. அதுவரை லீவு கிடையாது. குளித்து, ஈரத் தலையோடு ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்து ஆபீஸ் போய்விட்டார்.

லீலாவதி சமையலறை ஜன்னல் வழியாகப் பானையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நேற்று முழுக்க அழுகை வந்தபடி இருந்தது. இப்போது வரவில்லை. உடம்பை எரிக்கலாம். எலும்பு மிஞ்சித்தானே இருக்கிறது என்று தோன்றியது. தோன்றிய பிறகு ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை.

கிளை எட்டவில்லை. இரண்டு முறை எம்பிப் பார்த்தாள். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் அழகர்சாமியின் மனைவி இந்திராணி நின்றுகொண்டிருந்தாள். கையில் முக்காலி. அதை மரத்தடியில் போட்டு, ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

“எங்கன்னு கேக்க மாட்டேன். அவரு அஞ்சரைக்கு வந்துருவாரு. மழ வரும்போல இருக்கு, குடைய எடுத்துக்க.”

பஸ்ஸில் கண்டக்டர் “மட்காவைக் கீழே வை, பெஹன்ஜி” என்றான். அவள் பானையை வைக்கவில்லை. சிவப்புத் துணியைப் பார்த்த ஒரு சர்தார்ஜி சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார். கண்டக்டரும் அதற்கப்புறம் டிக்கெட் கேட்க அந்தப் பக்கம் வரவில்லை. மடியில் பானை, வழி முழுக்கக் குலுங்கிக்கொண்டே வந்தது.

டாக்டர் சக்ஸேனா கதவைச் சாத்தினாள். துணியை அவிழ்த்து உள்ளே பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

“நெருப்பில் வெந்துவிட்டதே, சொல்லுமா?” என்று லீலாவதி ஹிந்தியில் கேட்டாள்.

“சொல்லும். எப்படியும் சாம்பலாக்கித்தான் பார்ப்பார்கள்.”

லீலாவதி நாற்காலி நுனிக்கு வந்தாள். இன்றைக்கே பார்க்க முடியுமா, தம்பிக்குத் தந்தி கொடுக்கலாமா என்று அவசரமாகக் கேட்டாள். டாக்டர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

“இங்கே அந்த யந்திரம் இல்லை. விசாரித்துவிட்டேன். அது அவர்களிடம்தான் இருக்கிறது.”

“யாரிடம்?”

“பிளாண்ட்காரர்களிடம். அவர்கள் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். அவர்கள்தான் பார்த்துப் பதில் எழுதுவார்கள்.”

அந்தப் பதில் ஏற்கெனவே டைப் அடித்தாகிவிட்டது. வெளியே கம்பவுண்டர் அடுத்த நோயாளியின் பேரை இரண்டு தரம் கூப்பிட்டான்.

“அனுப்பினால் திரும்பி வராது. என் அலமாரியில் வைத்திருக்கிறேன். வேறு எங்காவது அந்த யந்திரம் வரும். எப்போது என்று தெரியாது” என்றாள் டாக்டர்.

அலமாரியில் காலி மாத்திரை பாட்டில்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்து, எலும்பை உள்ளே போட்டு மூடினாள். பிளாஸ்திரி ஒட்டிப் பெயர், வயது, தேதி எழுதி மேல் தட்டில் வைத்தாள். பூட்டுவதற்குச் சாவியைத் தேடினாள்.

லீலாவதி பானையை மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். காலி பாட்டில்களில் ஆறை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையால் துடைத்து, அதன் பக்கத்தில் வரிசையாக நிற்க வைத்தாள்.