நூலகத்திலேயே படிக்க வேண்டிய புத்தகம்

பேச்சியம்மாளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அவள் கேட்டிருந்த புத்தகம் வந்தது. சேலம் ஜில்லாவில் நூறு வருஷத்துக்கு முன் வந்த பஞ்சத்தைப் பற்றிய பழைய தமிழ்ப் புத்தகம். அவள் ஆய்வு செய்த பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் அது இல்லை. அங்கே நூலகராக இருந்த கங்கப்பன் கல்கத்தா நூலகம் ஒன்றுக்கு எழுதி, இரவலாக வரவழைத்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, மாதக் கடைசியில் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது கல்கத்தாக்காரர்களின் நிபந்தனை.

பஸ் பயணமே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"நான் போயி எழுதிட்டு வாரேன்" என்றான் அவள் கணவன் அழகர்சாமி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து மத்திகிரியில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். அவனுக்கு ஓசூரில் லேத் வேலை, புதன்கிழமை விடுமுறை.

"மழை அளவு அட்டவணை மட்டும் போதும். வேற எதையும் எழுத வேணாம்" என்றாள்.

நூலகத்தில் கங்கப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆராய்ச்சி பண்றது நீங்களா?"

"என் வீட்டுக்காரி சார். மாசமா இருக்கா."

அவர் சற்று யோசித்துவிட்டு ஜன்னலோர மேசையைக் காட்டினார். "பேப்பர் ரொம்பப் பழசு. மெதுவாத் திருப்புங்க."

சாயங்காலம் அவன் கொண்டுவந்த தாள்களைப் பேச்சியம்மாள் புரட்டினாள். அட்டவணையே இல்லை. காவேரிப்பட்டினத்துக் கஞ்சித் தொட்டியில் ஒருத்தி, தன் பிள்ளைக்கும் வழியில் கண்டெடுத்த பிள்ளைக்கும் கஞ்சி கேட்டு அதிகாரியிடம் மல்லுக்கு நின்றது மட்டும் பக்கம் பக்கமாக இருந்தது.

"மழை எங்கங்க?"

"அதைத் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். இவ குறுக்க வந்துட்டா. அதுக்குள்ள லைப்ரரிய மூடிட்டாங்க."

பேச்சியம்மாளுக்குக் கோபம் வந்தது. சோற்றைத் தட்டில் போட்டு முன்னால் நகர்த்தினாள். அவன் கை கழுவிவிட்டு வந்தபோது அவளாகவே கேட்டாள்:

"கஞ்சி ஊத்தினானா, இல்லையா?"

"தெரியலயே. அடுத்த பக்கத்துல இருக்கும்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

அடுத்த புதனுக்குள் புத்தகம் போய்விடும். அதனால் அழகர்சாமி உடன் வேலை பார்த்த சென்னப்பனோடு ஷிப்டை மாற்றிக்கொண்டு சனிக்கிழமையே போனான். இந்த முறை முதலில் அட்டவணை. கங்கப்பனும் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசித்துச் சொன்னார். வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மிச்ச நேரம் அவன் படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சியம்மாள் தாள்களை வாங்கினாள், ஆனால் பார்க்கவில்லை.

"முதல்ல அவ கதையச் சொல்லுங்க."

"ஊத்தினான். ஒரு பிள்ளைக்குத்தான். அவ அதையே ரெண்டுக்கும் பங்கு வச்சிருக்கா. மறுநாளும் வந்து வரிசைல நின்னுருக்கா."

அவள் அது எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஆய்வேட்டில் மழைக் கணக்கோடு அந்தப் பெண்ணும் இடம்பெற்றாள்.