கிழவியும் கெயவியும்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் சொன்ன நாக்கு அழுகட்டும். அத்தனையும் சத்தியம்.

எங்கள் ஊர் லாரி மெக்கானிக் ஒருவருக்கும் ழகரத்துக்கும் ஜென்மப் பகை. மழை அவர் வாயில் மயையாகும், பழம் பயமாகும். கல்யாணமான வாரமே, இருபது வயதுப் பெண்டாட்டியை ‘கெயவி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்கு அந்தப் பேரில் அப்படியொரு பெருமை.

தலை நரைத்த காலத்தில், பட்டறையில் ஜாக்கி வழுக்கி அவர் மண்டையில் போட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், “கிழவீஇ, தண்ணீஇர் குடு” என்றார். ழகரம் எண்ணெயில் வழுக்கினாற்போல் விழுந்தது. மற்ற சொற்களெல்லாம் கப்பலிலிருந்து இறங்கி இன்னும் கால் ஊன்றாதவன் மாதிரி தள்ளாடின.

அவள் எடுத்த தண்ணீர்ச் செம்பைத் திரும்ப வைத்தாள். கெயவி என்றால் செல்லம். கிழவி என்றால் வயசு.

“நீங்க யாரு சார்?” என்றாள் கட்டின புருஷனைப் பார்த்து.

டாக்டரம்மா சொன்னார்: “மூளையில பேச்சை நடத்துற இடத்துல அடி. நாக்கும் உதடும் தாளம் தப்பி அசையுது. அதான் வெளிநாட்டுக்காரர் மாதிரி கேக்குது. ஆள் அதே ஆள்தாம்மா.”

“அதுக்கு அடையாளம்?” என்றாள் அவள். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தம்பி எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தான். “அக்கா, மாமாவுக்கு முதல்ல விசா எடு. இல்லன்னா போலீசு உன்னையும் சேத்துப் புடிக்கும்.”

“உன் வாயில கொள்ளிய வைக்க” என்றாள். ஆனால் அன்று காலை முழுக்க அவரை, வாடகைக்கு வந்தவரைப் பார்ப்பது போலவே பார்த்தாள்.

மத்தியானம் அவர் நாற்காலியிலேயே சாய்ந்து விட்ட குறட்டையில் அலமாரிப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அவள் தோளைத் தட்டினாள்.

“குறட்டை விட்டீங்க.”

“நாஆனா? தூங்கவே இல்லையேஏ! கண்ண மூடி யோசிச்சிட்டு இருந்தேஏன்.”

அதே பொய். கல்யாணமான நாள்முதல் வார்த்தை மாறாத அதே பொய். அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“டேய், உன் மாமாதான்டா! வேற எவனுக்குடா இவ்ளோ தைரியம் வரும்?”

“என்ன கிழவீஇ சிரிக்கிறே?”

“சொல்லுங்க, சொல்லுங்க. அதையும் பழகிக்கிறேன்.”

இதுவும் சத்தியம்: அந்தக் கெயவிக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது.