பல்லி விழுந்த தலை

வாருங்கள். கல்கத்தாவின் கார்டன் ரீச் இரயில்வே குடியிருப்பின் இரண்டாம் மாடிக்கு ஏறி வாருங்கள். மார்கழி மாதம், புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. ஒரு வீட்டின் குளியலறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கிறது. கட்டிய புடவையோடு ஒரு பெண் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறாள். தண்ணீரின் ஓசை உங்கள் காதில் விழும். அழுகையின் ஓசை விழாது. விழக்கூடாது என்றுதான் குழாயையும் திறந்துவிட்டிருக்கிறாள். கத்தி இல்லை, குருதி இல்லை, இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று படியிறங்கிவிடாதீர்கள். நில்லுங்கள். நடப்பது கொடுமை. இதற்குச் சாட்சி வேண்டும்.

அவள் பெயர் பூங்கோதை. வயது நாற்பத்தாறு. இரயில்வே தலைமை அலுவலகத்தில் பெரிய எழுத்தராக இருக்கும் துரைசாமிக்கு வாழ்க்கைப்பட்டு, மன்னார்குடியிலிருந்து இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குளியலறை மாடத்தில், சோப்புக்கு மேலே, நனையாத உயரத்தில் ஓர் அஞ்சலட்டை இருக்கிறது. அதன் நான்கு மூலைகளிலும் கறுப்பு மை தடவியிருக்கிறது. அப்படி மை தடவிய அட்டை வந்தால் படித்தவுடன் கிழித்தெறிந்துவிட்டுத் தலைமுழுக வேண்டும் என்பது அவள் பிறந்த மண்ணின் வழக்கம். அண்ணன் வீரபாண்டியன் போய்விட்டார். சைக்கிள் கடையில் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நான்கே வரிகள்.

அவள் தலைமுழுகினாள். ஆனால் அட்டையைக் கிழிக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. அம்மாவின் அட்டையைக் கிழித்தாயிற்று, அக்காவின் அட்டையைக் கிழித்தாயிற்று. இதையும் கிழித்துவிட்டால் தனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்ததற்கு அத்தாட்சியே இராது என்று கை தயங்கியிருக்கலாம். புடவையை மாற்றிக்கொண்டு, அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். மாலைக்குள் முடி காய வேண்டுமே என்ற கவலை, அண்ணன் போன துயரத்தை முந்திக்கொண்டு வந்து நின்றது. துயரப்படுவதற்கும் முறை காத்திருக்க வேண்டிய வீடு அது.

முடி காயவில்லை. ஐந்தரைக்கு வந்த துரைசாமி செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார்.

"என்ன, இந்தக் குளிர்ல தலையெல்லாம் ஈரம்?"

"பல்லி விழுந்திடுச்சுங்க."

"மறுபடியுமா?" அவர் சிரித்தார். "இந்த வீட்டுப் பல்லிக்கு உன் தலையை விட்டா வேற எடமே தெரியாது போல. சரி சரி, கேரட்டைத் துருவு. பசிக்குது."

தலையில் பல்லி விழுந்தாலும் முழுக்குத்தான். அந்த ஒரு வழக்கம் மட்டும் இல்லையென்றால் அவள் என்ன பொய் சொல்லியிருப்பாள்! ஆறு ஆண்டுகளில் இது மூன்றாவது பல்லி.

ஆறு ஆண்டுகளுக்கு முன், பூஜை விடுமுறைக்கு முதல் நாள், அலுவலக நாற்காலியிலேயே துரைசாமிக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் மந்திரமாகப் பிடித்துக்கொண்டார்: அதிர்ச்சி கூடாது. பிறகு புத்தகங்கள் வந்தன. இயற்கை வாழ்வு வந்தது. உப்பு போயிற்று, புளி போயிற்று, எண்ணெய் போயிற்று. காலையில் மொட்டைமாடியில் வெயில் குளியல். மாலையில் வயிற்றில் ஈரமண் பட்டி. குறை சொல்வதற்கில்லை. பச்சைக் காய்கறி எவரையும் கொன்றதில்லை. வெயில் எவர் குடியையும் கெடுத்ததில்லை. அவர் உடம்பு தேறியது. ஊளைச்சதை கரைந்தது, முகத்தில் ஒரு பளபளப்பு ஏறியது. கல்கத்தாத் தமிழர்கள் அவரிடம் வந்து ஆலோசனை கேட்டார்கள். அலிப்பூர்க் கோர்ட்டு குமாஸ்தா முதல் இட்லிக்கடை முதலாளி வரை எலுமிச்சைச் சாறும் தேனும் குடிக்கத் தொடங்கினார்கள்.

கேடு காய்கறியில் இல்லை. சுவரில் அவர் எழுதி ஒட்டிய தாளின் கடைசி வரியில் இருந்தது: 'துயரம் நஞ்சு. அது இந்த வீட்டுப் படியேறலாகாது.' படியேறாமல் அதை யார் தடுத்து நிறுத்துவது? அதற்கு ஆள் வேண்டுமல்லவா? காய் நறுக்கவும் மண் பிசையவும் இருந்தவளே அதற்கும் காவல் நின்றாள். ஊர்க் கடிதம் எதுவானாலும் அவள்தான் படிப்பாள். நல்லதை மட்டும் சொல்வாள். அதை அவள் பாரமாக எண்ணியதுகூட இல்லை. இரவில் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு விழித்துக் கிடந்தவள் அவள். தான் அழாமல் இருந்தால் அவர் நெஞ்சு தாங்கும் என்று நம்பினாள். நம்பிக்கை என்று அதற்குப் பெயர் வைத்தது யாரோ. நான் வைத்தால் வேறு பெயர் வைப்பேன்.

அன்று இரவே அவளுக்கு வலி வந்தது. இடப்புற மார்பின் அடியில் யாரோ அம்மிக் குழவியை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. பிறகு தோளுக்கு ஏறி, கையில் இறங்கி, தாடையைப் பிடித்தது.

"வாயு," என்றார் துரைசாமி, அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி. அந்தக் கையில் பரிவு இல்லாமல் இல்லை. "நாளைக்கு ஒண்ணும் சாப்பிடாதே. ஈரத்துணி போட்டுக்க. சரியாப் போயிடும்."

"நெஞ்சுநோயா இருக்குமோங்க?"

"உனக்கா?" என்று அவர் உண்மையாகவே வியந்தார். "உனக்கு என்ன கவலை இருக்கு? மனசுல கவலை இருக்கறவனுக்குத்தான் நெஞ்சு கெடும். நீ சிரிச்ச முகமா இருக்கறவ."

வியாழக்கிழமை பட்டினி, வலி போகவில்லை. வெள்ளிக்கிழமை மாடியேறி வந்தவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மகள் வசந்தி, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவள், அப்பாவிடம் கத்தினாள். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல கீழ்வீட்டு மாஷிமாவைக் கூப்பிடட்டுமா?" வங்காளத்து அண்டைவீட்டாருக்கு முன்னால் தம் இயற்கை வாழ்வு தலைகுனிவதை விரும்பாமல் துரைசாமி கிளம்பினார்.

கடைத்தெரு முனையில் இருந்த டாக்டர் வயதானவர். குழலை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். பூங்கோதையைப் பார்த்து வங்காள மொழியில், பிறந்த வீட்டில் யாருக்காவது இதயநோய் உண்டா, அண்மையில் சாவு, அதிர்ச்சி ஏதாவது உண்டா என்று நிதானமாகக் கேட்டார். 'பாபேர் பாடி' என்று அவர் பிறந்த வீட்டைச் சொன்னபோதே அவள் கை மார்புக்குப் போயிற்று. ரவிக்கைக்குள் அட்டையின் மூலை குத்திற்று. அம்மாவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் போனாள், அண்ணனும் அப்படியே. சொல்ல வாயெடுத்தாள். பக்கத்து நாற்காலியில் துரைசாமி உட்கார்ந்திருந்தார்; சட்டைப் பொத்தான்களுக்கு இடையே அவர் மார்பு ஏறி இறங்கியது. அந்த மார்பைப் பார்த்து அவள் வாய் மூடிற்று.

துரைசாமி ஆங்கிலத்தில் விடை சொன்னார். அவளுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். "நோ, நோ. ஆல் ஹெல்தி பீப்பிள். சிக்ஸ் இயர்ஸ், நோ ஷாக் அட் ஹோம், டாக்டர்."

டாக்டர் யோசித்தார். அப்படியானால் இந்த வயதில் பெண்களுக்கு வரும் வலியாக இருக்கும் என்று செரிமான மருந்து எழுதிக் கொடுத்தார். குடும்பத்தில் அப்படி ஒரு வரலாறு இருந்திருந்தால் இப்போதே மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன் என்று கதவுவரை வந்து சொன்னார். சொன்னவர் மேல் குற்றமில்லை. அவர் கேட்டார், மறைக்கப்பட்டது. பாவம், இவருக்கு எதுவும் தெரியாதே, தெரியாமல்தானே சொன்னார் என்று வழியெல்லாம் கணவனுக்காக அவள் மனம் வாதாடிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தமிழர் மன்றத்தில் துரைசாமியின் சொற்பொழிவு. தலைப்பு: 'உணர்ச்சியும் இதயமும்.' மேடை வேலைகளுக்காக அவர் முன்னமே போய்விட்டார். அம்மாவும் மகளும் பிறகு பஸ்ஸில் போனார்கள். கிதிர்பூர்ப் பாலத்தருகே பஸ் நெரிசலில் நின்றது. பூங்கோதை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"கீ ஹோலோ, மா? என்ன ஆச்சு, வலிக்குதா?"

"இல்லடி."

"பொய் சொல்லாத. புதன்கெழமை அந்த கார்டு வந்ததுலேர்ந்து நீ ஒரு மாதிரி இருக்க. என்ன எழுதியிருந்துச்சு?" தமிழ் எழுத்து வசந்திக்குப் படிக்க வராது. பள்ளியில் வங்காளம், கல்லூரியில் ஆங்கிலம். தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிட்டது.

"மாமா போயிட்டாருடி."

வசந்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அப்பா டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னாரு?"

"அவருக்குத் தெரியாதுடி. தெரியவும் கூடாது. அவரு நெஞ்சு தாங்காது."

"என்னம்மா சொல்ற? கார்டை வாங்குனதே அப்பாதான்."

பஸ் நகர்ந்தது.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆபீஸ் போறப்ப, கீழ போஸ்ட்மேன் குடுத்தான். நான் மேல கைப்பிடிக்கிட்ட நின்னுட்டிருந்தேன். படியிலேயே நின்னு படிச்சாரு. படிச்சுட்டு உக்காந்துட்டாரு. வாட்சைப் பாத்துக்கிட்டு நாடி புடிச்சாரு, ரொம்ப நேரம். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, 'இத அம்மாகிட்ட குடு, நான் பாக்கலன்னு வச்சுக்க'ன்னாரு. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மூலையில கறுப்பு இருந்தா என்கிட்ட குடுத்துருவாரு. ஏதோ ஊர் விஷயம்னு நெனச்சேன். எனக்குத் தெரியாதே, மா."

அன்று பதின்மூன்று வயதுச் சிறுமியாக இருந்த மகளின் கையில் தன் தாயின் சாவு மாடியேறி வந்ததைப் பூங்கோதை நினைத்தாள். மூன்று பல்லிகளையும் நினைத்தாள். மூன்று முறையும் அவர் சிரித்த சிரிப்பை நினைத்தாள். ஆறு ஆண்டுகளாக ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தோள் கொடுத்து அடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமும் ஒருவர் நின்று, அதே கதவைத் தள்ளி அடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியானால் டாக்டரிடம் சொன்ன அந்த 'நோ'? அது தெரியாமல் சொன்னதல்ல. தாம் அறிந்திருப்பது வெளிப்பட்டால் தமக்கும் துக்கம் வந்துவிடும். தம் நெஞ்சுக்கு ஆகாது. அதற்காக அவள் நெஞ்சின் நோயை டாக்டரின் காகிதத்தில் ஏறவிடாமலே செய்துவிட்டார்.

மன்றத்தில் நூறு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. முன்வரிசையில் அவளை உட்காரவைத்தார்கள். மளிகைக்கடை நாகலக்ஷ்மி குனிந்து, "கொடுத்து வச்சவ நீ. உங்க வீட்டுல சண்டையே கிடையாதாமே! எங்க வீட்டுல வந்து பாரு, கூரை மட்டுந்தான் பறக்கல," என்று காதோடு சொல்லிச் சிரித்தாள்.

துரைசாமி நன்றாகப் பேசினார். சினம் குருதியைக் கொதிக்கவைக்கும், அச்சம் நாளங்களைச் சுருக்கும், அடக்கிய அழுகை இதயத்தை அரிக்கும் என்றார். அந்த மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரல் தடுமாறவில்லை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிறகு அவர் முகம் மலர, முன்வரிசைப் பக்கம் கை நீட்டினார்.

"சான்று எங்கே என்பீர்கள். சான்று இதோ அமர்ந்திருக்கிறது. ஆறு ஆண்டுகளில் என் மனைவியின் கண்ணில் ஒரு சொட்டு நீரை நான் கண்டதில்லை. எழுந்து நில், பூங்கோதை. எல்லோரும் பார்க்கட்டும்."

கைதட்டல் எழுந்தது. அவளும் எழுந்தாள். எழும்போதே குழவி மீண்டும் மார்பில் இறங்கியது, தாடை இறுகியது. நாற்காலி முதுகை ஒரு கையால் பற்றிக்கொண்டாள். மறு கையை ரவிக்கைக்குள் விட்டு அந்த அட்டையை எடுத்தாள். வேர்வையில் மை கலங்கி, நான்கு மூலைகளிலிருந்தும் கறுப்பு உள்ளே பரவியிருந்தது. அதை மேடையை நோக்கி உயர்த்திப் பிடித்தாள்.

"பல்லி இல்லீங்க," என்றாள்.

அவள் குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டவில்லை. ஆனால் மேடையில் இருந்தவருக்குக் கேட்டது. அவர் கை எழுந்தது. எழுந்து, தம் மார்பைத்தான் பிடித்துக்கொண்டது. நாடியைத் தேடி இரண்டு விரல்கள் மணிக்கட்டுக்கு ஓடின. நான்கு பேர் மேடைக்குத் தாவினார்கள். ஒருவர் சோடா கொண்டுவர ஓடினார். முன்வரிசையில், நாற்காலியைப் பற்றிய கை மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தது. வசந்தி மட்டும் அம்மாவை அணைத்துக்கொண்டு, "கேவு ஆஷ்சே நா! யாராச்சும் வாங்களேன்!" என்று இரண்டு மொழியிலும் அலறிக்கொண்டிருந்தாள்.

சாட்சிக்கு வந்தவர்களே, இனியும் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? மேடைக்கு ஆள் போதும். இந்தப் பக்கம் வாருங்கள். கைதட்டிய கைகளால் அந்தப் பெண்ணைத் தூக்குங்கள். தெருவில் ஓடி ஒரு டாக்சியை மறியுங்கள். டாக்டர் கேட்பார்: பிறந்த வீட்டில் சாவு உண்டா, அதிர்ச்சி உண்டா? இந்த முறை அவளுக்காக எவனையும் விடை சொல்ல விடாதீர்கள். அந்த அட்டையை மேசைமேல் வையுங்கள். பிறகு உங்கள் வீட்டுக்குப் போங்கள். அங்கே வேளைகெட்ட வேளையில் தலை நனைந்து நிற்பவள் யாரென்று பாருங்கள். பல்லி என்றுதான் சொல்வாள். நம்பாதீர்கள். உட்காரவைத்து, கேளுங்கள்.