கரடுமுரடுக்கு மார்க்

கிரீஸ் நாட்டு மலைகளின் சரளைக்கல் பாதைகளை வீடியோவில் பார்த்து, சைக்கிள் பிரியர்களின் வலைத்தளத்துக்காகக் கரடுமுரடுக்கு ஐந்து வரை மார்க் போடுவது மும்பை தாராவியிலிருக்கும் பூலோகத்தின் வேலை. தினமும் பக்கத்துச் சயானிலிருக்கும் ஆபீசுக்குச் சைக்கிள் மிதிக்கிறவன் எல்லாவற்றுக்கும் ஒன்றே போட்டான்.

"கல்யாண மண்டபத் தரை மாதிரில்லா இருக்கு!"

அதை நம்பிப் போன நான்கு பேர் பல்லை உடைத்துக்கொண்டார்கள்.

"கரடுமுரடுன்னா ஒனக்கு என்னதான்யா?" என்று மேனேஜர் கத்த, தான் ஆபீசுக்கு வரும் வழியை வீடியோ எடுத்துக் கொடுத்தான். அதையும் யாரோ வலைத்தளத்தில் ஏற்றி, ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதமே ஹெல்மெட்டும் முழங்கால் கவசமுமாகப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் சைக்கிளோடு தாராவிச் சந்து முனையில் நின்றார்கள். பூலோகத்தின் மனைவி பேராச்சிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, சயானுக்கு பஸ் இருக்குன்னு இவியகிட்ட யாருமே சொல்லலியா?"