நாலு பிளக் பாயிண்ட்

வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அந்த மிஷினை எங்கே சொருகுவது என்பதுதான் சங்கரேஸ்வரிக்கு முதலில் தோன்றிய கவலை.

அவள் புருஷன் பாண்டியராஜ் இருபத்தாறு வருஷம் விசைத்தறியில் நின்றவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைந்து, நாற்பத்தொன்பது வயதிலேயே கட்டிலோடு ஒடுங்கிவிட்டார். வாடகைக்கு எடுத்த மிஷின் கரண்டில் ஓடி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓட வேண்டும். ஆனால் வீடோ பாண்டியராஜின் அப்பா காலத்துக் காரை வீடு. சுவரில் மரப்பட்டி அடித்து, அதன்மேல் வயர் இழுத்திருந்தார்கள். ரூமுக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ஃபிரிட்ஜ், மிக்ஸி, அவள் நைட்டி தைக்கிற மோட்டார் மிஷின் எல்லாம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கிக்கொண்டிருந்தன.

தெருவில் எல்லாரும் சொன்ன ஆள் என்பதால் எலெக்ட்ரீஷியன் எபினேசரைக் கூப்பிட்டாள். அவர் சுவிட்ச் போர்டைக் கழற்றி, உள்ளே இருந்த வயரை விரலால் லேசாக நிமிண்டினார். மேல்தோல் வெங்காயச் சருகுபோல உதிர்ந்தது.

"தங்கச்சி, பாயிண்ட் வைக்கது பெரிய சோலி இல்ல. இந்த வயரு தாங்காது. எர்த்தும் கெடையாது. மொத்தத்தையும் உருவிட்டுப் புதுசா இழுக்கணும்."

"எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?"

"வயரு, பைப்பு, கோளாறுன்னா கரண்ட நிறுத்துத டிரிப்பர், சுவரு கொத்த ஆளு, எங் கூலி எல்லாஞ் சேத்து எழுபதாயிரத்தத் தொடும்."

பீரோவில் இருந்தது நாற்பதாயிரம். அதுவும் திருநெல்வேலியில் படிக்கிற மகள் சுமதியின் காலேஜ் ஃபீஸ்.

"நாலு பாயிண்ட் மட்டும் வச்சுத் தாங்களேன். மத்தத அப்புறம் பாத்துக்கிடலாம்."

எபினேசர் தலையை ஆட்டினார். "ஆக்சிஜன் ஓடுத ரூமும்மா. ஒரு பொறி பறந்தாலும் குப்புனு பத்திக்கிடும். அதச் செஞ்சுட்டு நான் எப்படி வீட்ல போய்ச் சோறு திங்க?"

காசு வாங்காமலே போய்விட்டார். கட்டிலில் கண்மூடிக் கிடந்த பாண்டியராஜ் விழித்துக் கேட்டபோது, "பாயிண்ட் வைக்கலாமாம். இவருக்கு நேரம் இல்லியாம், வேற ஆளு வரும்" என்றாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவரிடம் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான்.

முத்துமணி என்று ஒருவன் வந்தான். அரை நாளில் நாலு பாயிண்ட் வைத்துவிட்டு அவள் தைத்துச் சேர்த்த காசில் நாலாயிரத்து எண்ணூறு வாங்கிக்கொண்டான். லைட்டுக்குப் போகிற பழைய வயரிலேயே இணைப்பு எடுத்தான். அவளுக்கு அது தெரிந்தது. தெரியாத மாதிரி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

முதல் வாரத்தில் மூன்று தடவை ஃபியூஸ் போனது. ஒவ்வொரு தடவையும் மிஷின் கீச்சென்று கத்தி நிற்கும். பாண்டியராஜின் கண்கள் அவளைத் தேடும். அவசரத்துக்கு வாங்கி வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை அடுப்படியிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். முத்துமணி மறுபடி வந்து ஃபியூஸ் கட்டையைக் கழற்றி என்னமோ செய்தான். "இனிமே போவாதுக்கா" என்றான்.

அவன் சொன்ன மாதிரியே போகவில்லை. ரெண்டு நாள் நிம்மதியாக இருந்தாள். மூன்றாம் நாள் அயர்ன் பாக்ஸைப் போட்டபோது லைட் மங்கிப் பிரகாசித்தது. ஃபியூஸ் அப்போதும் போகவில்லை. ஏன் போகவில்லை என்ற கேள்வி அங்கேயே அவளைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் மிஷின் ஓடும்போது ஃபிரிட்ஜை நிறுத்தினாள். அயர்ன் பாக்ஸை மச்சில் ஏற்றினாள். தைத்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து வந்து, கட்டிலுக்கு மேலே இருந்த போர்டை அண்ணாந்து பார்ப்பாள். வெளியே யாராவது குப்பையைக் கொளுத்தினாலும் ஓடி வந்து போர்டை முகர்ந்து பார்ப்பாள்.

"என்ன அப்படிப் பாக்க?" என்பார் பாண்டியராஜ்.

"பல்லி" என்பாள்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு வியாழக்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். பின்ரூமில் தைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கருகல் வாடை வந்தது. இந்தத் தடவை தெருவிலிருந்து வரவில்லை. மோட்டாரை நிறுத்தினாள். முன்ரூமில் எதுவோ எண்ணெயில் பொரிகிற மாதிரி சத்தம்.

ஓடி வந்து பார்த்தாள். போர்டின் ஓரம் கறுத்து, புகை நூல் நூலாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே பாண்டியராஜின் தலை. மூக்கில் குழாய். பக்கத்தில் மிஷின் ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

எபினேசர் சொன்ன பொறி அவள் மண்டைக்குள் பறந்தது. மெயினை நிறுத்தினால் அவருக்கு மூச்சு முட்டும். நிறுத்தாவிட்டால் ரூமே பற்றும்.

"குழாயக் கழட்டுங்க! கழட்டித் தூரப் போடுங்க!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் ஸ்விட்ச் இரும்புப் பெட்டி. சுவர் மழையில் ஊறி, பெட்டியின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நீட்டிய கை தானாகப் பின்னால் வந்தது. திரும்ப உள்ளே ஓடித் துணி அளக்கிற மரஸ்கேலை எடுத்து வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியின் மேல் ஓங்கி அடித்தாள். முதல் அடி வழுக்கியது. ரெண்டாவது அடியில் கைப்பிடி இறங்கியது.

வீடு அடங்கிப்போனது. பாண்டியராஜ் மூச்சுக்குத் தவிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மரப்பட்டியில் சின்னதாக ஒரு தீ நாக்கு எட்டிப் பார்த்தது. அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பாதி இழுத்துப் பாதி நடத்தி, மழைக்குள் கொண்டுவந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. எதிர்வீட்டுக் கதீஜம்மாள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

"இங்கன கொண்டாம்மா, எங் கட்டில்ல கெடத்து! நான் கோணிய நனச்சுட்டுப் போறேன்."

"மெயின ஆஃப் பண்ணிட்டேன்க்கா. அவுக ஆக்சிஜன் செலிண்டரு அடுப்படில இருக்கு!"

அந்தச் சின்ன சிலிண்டரைக் கதீஜம்மாள்தான் தூக்கி வந்தார். சங்கரேஸ்வரி பொருத்தும்போது குழாய் மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை பொருந்தியது. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே நின்றாள். உதட்டில் நிறம் திரும்பும்வரை தன் வீட்டுத் தீ அணைந்ததா என்றுகூட அவள் கேட்கவில்லை. நனைத்த கோணியிலேயே அது அணைந்திருந்தது.

மத்தியானம், ஆள் சொல்லியனுப்பியதும், எபினேசர் வந்தார். ஃபியூஸ் கட்டையைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடியாகச் செம்புக் கம்பி முறுக்கியிருந்தது.

"இது எந்தக் காலத்துலயும் போவாது தங்கச்சி. வீடு எரிஞ்சு முடிஞ்சாலும் இது அப்படியேதான் இருக்கும்" என்றார்.

கதீஜம்மாள் வீட்டுப் பிளக்கில் ஆக்சிஜன் மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து, எபினேசர் முதலில் சொன்ன எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "அன்னைக்கு நான் தூங்கல. அந்தச் சுவரும் பத்து நாளாச் சூடா இருந்துச்சு."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சுமதி துட்ட எடுப்ப."

தான் பயந்து கிடந்த அத்தனை நாளும் அவரும் அதே சுவருக்குக் கீழே பேசாமல் பயந்து கிடந்திருக்கிறார்.

சாயங்காலம் சுமதிக்குப் போன் போட்டாள். நாற்பதாயிரத்தையும் எடுக்கப் போவதை மறைக்காமல் சொன்னாள்.

"ஃபீஸுக்கு டைம் கேட்டுப் பாக்கேம்மா. அப்பா இப்ப எப்படி இருக்காவ?" என்று கேட்டாள் மகள்.

நாற்பதாயிரத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்தார் எபினேசர். முன்ரூமும் அடுப்படியும் மட்டும் புதுசாயின. பின்ரூமுக்குப் போகிற பழைய வயரை அறுத்தே விட்டார். ஒன்பதாம் நாள் மெயினைப் போட்டுவிட்டு, டிரிப்பரில் இருந்த சின்னப் பொத்தானை அமுக்கினார். டக்கென்று எல்லாம் அணைந்தது. சங்கரேஸ்வரி வீறிட்டாள்.

"சோதிச்சுப் பாத்தேன். தப்பு நடந்தா இப்படித்தான் நிக்கணும்" என்றபடி அவர் டிரிப்பரை மேலே தள்ளி மறுபடி கரண்டை வரவைத்தார். "மாசம் ஒரு தடவ நீங்களே அமுக்கிப் பாக்கணும். இப்ப ஒருக்கா அமுக்குங்க."

"நான் மாட்டேன்."

"அமுக்கும்மா."

வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் அமுக்கினாள். மறுபடி டக்.

அன்று சாயங்காலம் பாண்டியராஜ் தன் வீட்டுக் கட்டிலுக்கே திரும்பினார். பின்ரூமில் கரண்ட் இல்லாததால் தையல் மிஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டாள். இவ்வளவு பக்கத்தில் மோட்டார் இரைந்தால் அவருக்குக் கஷ்டமாக இருக்குமே என்று காலை மிதியில் வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"தை" என்றார் பாண்டியராஜ். "நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு ஒறக்கம் வரும்."